பழி கல்லீரல்மேல்... அடைப்போ சிரையில்!

எட்டு, பத்து வயதுப் பிள்ளை. நேற்று வரை தெருவில் பந்தடித்துக்கொண்டிருந்தது. சளிக்காய்ச்சல் என்று இரண்டு நாள் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள், வலி என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாத பிள்ளை குபுக்கென்று ரத்த வாந்தி எடுக்கிறது. மஞ்சள் காமாலை இல்லை. கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருக்கின்றன. மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்க்கும்போது, இடப்பக்க விலா எலும்புக்குக் கீழே வீங்கிய மண்ணீரல் மட்டும் கைக்குத் தட்டுப்படுகிறது.

இன்னொருவர், குழந்தை பெற்றுச் சில வாரங்களே ஆன இளம்பெண். வயிறு மறுபடி பெருக்கத் தொடங்குகிறது. பிரசவ வயிறு இன்னும் வற்றவில்லை என்றுதான் வீட்டார் முதலில் நினைக்கிறார்கள். சில நாட்களில் பாவாடை நாடாவைக் கட்ட முடியாத அளவுக்கு நீர் கோத்துவிடுகிறது. வலப்பக்க விலாவுக்கு அடியில் விடாத வலி.

இவர்கள் குறிப்பிட்ட இரண்டு தனிமனிதர்கள் அல்லர். நம் நாட்டின் கல்லீரல், குடல்நோய்ப் பிரிவுகளுக்கு வந்துகொண்டே இருக்கும் இரண்டு வகை நோயாளிகள். இருவரும் மதுவைத் தொட்டவர்கள் அல்லர். ஆனாலும் ரத்த வாந்தி, வயிற்றில் நீர் என்று கேட்டவுடன் சுற்றத்தார் சொல்வது ‘ஈரல் கெட்டுப்போச்சு’ என்பதுதான். பல நேரம் மருத்துவச் சீட்டிலும் அதுவே ஏறிவிடுகிறது. உண்மையில் அந்தப் பிள்ளையின் ஈரல் நன்றாக இருக்கிறது. அதற்கு ரத்தம் கொண்டுபோகும் சிரை அடைபட்டிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கோ, ஈரலிலிருந்து ரத்தத்தை வெளியேற்றும் சிரைகள் அடைபட்டு, நல்ல ஈரல் உள்ளுக்குள் திணறிக்கொண்டிருக்கிறது.

இந்த வித்தியாசத்தை வயிற்றைக் கிழிக்காமல், ஊசி குத்தாமல் சொல்லக்கூடிய சோதனை டாப்ளர் ஸ்கேன். கருவிக்குப் பஞ்சமில்லை. சிரைகளைப் பார்க்க வேண்டும் என்று யாராவது நினைத்துப் பார்த்தார்களா என்பதில்தான் நோயாளியின் தலைவிதி தொங்குகிறது. இந்தக் கட்டுரை எழுதப்படுவதே அந்த நினைப்பை வாசகர் மனத்தில் ஊன்றத்தான்.

வயிற்றுக்குள் ஒரு நீர்ப்பாசனம்

குடலிலிருந்து வரும் ரத்தமும் மண்ணீரலிலிருந்து வரும் ரத்தமும் கணையத்தின் கழுத்துக்குப் பின்னால் ஒன்று சேர்கின்றன. அங்கே தொடங்கும் சுமார் 8 சென்டிமீட்டர் நீளக் குழாய்தான் போர்ட்டல் சிரை. சாப்பிட்ட சாப்பாட்டின் சத்தில் பெரும்பகுதி இதன் வழியாகத்தான் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரலுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் ரத்தம் வருகிறது. அதில் முக்கால் பங்கு இந்தச் சிரை கொண்டுவருவது. தமனி தருவது மிச்சம் கால் பங்குதான். உள்ளே வந்த ரத்தம் சல்லடையில் சலித்ததுபோல வடிகட்டப்பட்டு, வலம், நடு, இடம் என்று மூன்று கல்லீரல் சிரைகள் வழியே வெளியேறி, கீழ்ப்பெருஞ்சிரையில் விழுந்து இதயத்துக்குப் போய்விடுகிறது.

இந்தப் பாதையில் எங்கே அடைப்பு விழுந்தாலும் பின்னால் அழுத்தம் ஏறும். ஏரியின் மதகு அடைபட்டால் தண்ணீர் சும்மா நிற்பதில்லை. கலங்கல் வழியே புரண்டு, அதுவும் போதாமல் போனால் கரையை உடைத்துக்கொண்டு புது வழி தேடும். வயிற்றிலும் அதுதான் நடக்கிறது. உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியிலும் இரைப்பையின் மேற்பகுதியிலும் உள்ள மெல்லிய சிரைகள் அந்த அதிகப்படி ரத்தத்தைச் சுமந்து புடைக்கின்றன. ஒருநாள் வெடிக்கின்றன. அதுதான் அந்தக் குழந்தையின் ரத்த வாந்தி.

போர்ட்டல் அமைப்புக்கும் கல்லீரல் சிரைகளுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு இயல்பாக 5 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டாது. கல்லீரல் சுருக்க நோயில் (சிரோசிஸ்) அது 10-ஐத் தொட்டால் ஆபத்து தொடங்குகிறது. 12-ஐத் தாண்டினால் புடைத்த சிரைகள் வெடிக்கும் அச்சம் வந்துவிடுகிறது. இவ்வளவு சிறிய எண்களுக்குள் ஓர் உயிர் ஊசலாடுகிறது.

விரலிலிருந்து ஊசிக்கு, ஊசியிலிருந்து ஒலிக்கு

கருவிகள் வரும் முன்பே மருத்துவர்கள் வயிற்றுச் சிரைகளைப் படித்துக்கொண்டுதான் இருந்தார்கள். வயிற்றுத் தோலில் பச்சையாகப் புடைத்து நிற்கும் சிரையை இரண்டு விரலால் அழுத்தி, ரத்தத்தை வழித்து, ஒரு விரலை மட்டும் எடுத்து, எந்தப் பக்கத்திலிருந்து அது மறுபடி நிரம்புகிறது என்று பார்ப்பார்கள். தொப்புளிலிருந்து நாலாபக்கமும் ரத்தம் விலகி ஓடினால் போர்ட்டல் அழுத்தம். தொப்புளுக்குக் கீழேயும் ரத்தம் மேல்நோக்கி ஏறினால் கீழ்ப்பெருஞ்சிரையில் அடைப்பு. முதுகிலும் விலாவிலும் சிரைகள் புடைத்திருந்தால் அந்தச் சந்தேகம் உறுதியாகும். காசு செலவில்லாத இந்தச் சோதனையை இன்றும் நல்ல மருத்துவ ஆசிரியர்கள் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்க்காத மருத்துவருக்கு எந்த ஸ்கேனும் முழுதாகக் கை கொடுக்காது.

உள்ளே இருப்பதைக் கண்ணால் காண, 1951-இல் இத்தாலியின் டூரின் நகரில் அபியாட்டிச்சி, காம்ப்பி என்ற இரு மருத்துவர்கள் மண்ணீரலுக்குள் நேரடியாக ஊசி செலுத்தி, எக்ஸ்ரேயில் தெரியும் திரவத்தை ஏற்றிப் படமெடுத்தார்கள். படம் அருமையாக வந்தது. ஆனால் மண்ணீரல் ரத்தம் நிறைந்த உறுப்பு. ஊசி எடுத்த இடத்தில் ரத்தக்கசிவு அச்சம் எப்போதும் இருந்தது. சந்தேகம் வந்தவர்களுக்கெல்லாம் செய்துவிடக்கூடிய சோதனை அல்ல அது.

விடுதலை ஒலியிலிருந்து வந்தது. 1842-இல் பிராக் நகரில் கிறிஸ்டியன் டாப்ளர் என்ற ஆஸ்திரிய இயற்பியலாளர், நம்மை நோக்கி வரும் பொருளிலிருந்து கிளம்பும் அலைகள் நெருங்கியும், விலகிச் செல்லும் பொருளின் அலைகள் விரிந்தும் வந்து சேரும் என்று எழுதினார். அவர் எழுதியது இரட்டை விண்மீன்களின் நிறத்தைப் பற்றி. மூன்றே ஆண்டுகளில் நெதர்லாந்தில் பைஸ் பாலட் என்ற அறிவியலாளர் ஓடும் ரயிலில் ஊதுகருவி வாசிப்பவர்களை ஏற்றி, தண்டவாளத்தின் ஓரம் சுருதி பிசகாமல் சொல்லக்கூடிய இசைக்கலைஞர்களை நிறுத்தி, அது ஒலிக்கும் பொருந்தும் என்று காட்டினார்.

அந்தக் கண்டுபிடிப்பு மனித உடலுக்குள் நுழைய நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1950-களின் பிற்பகுதியில் ஜப்பானின் ஒசாகாவில் ஷிகேயோ சடோமுரா, ஓடும் ரத்தத்தில் பட்டுத் திரும்பும் மீயொலியில் இந்த மாற்றத்தைப் பிடித்தார். ஏறத்தாழ அதே நேரம், 1958-இல், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இயன் டொனால்டும் அவருடைய குழுவினரும் வயிற்றுக்குள் இருக்கும் கட்டிகளை மீயொலியால் படம்பிடித்து ஆய்விதழில் வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்த ஒரு பெண், அறுவைக்கும் எட்டாத இரைப்பைப் புற்று என்று கைவிடப்பட்டவர். ஸ்கேனில் தெரிந்தது நீர் நிறைந்த கட்டி. அது சினைப்பைக் கட்டி. எடுத்துவிட்டார்கள், அவர் பிழைத்தார். படம் காட்டும் கருவியும் ஓட்டம் காட்டும் கருவியும் பிறகு ஒன்றாயின. 1980-களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஓட்டத்துக்கு வண்ணம் கொடுத்தார்கள். இன்று நாம் பார்க்கும் கலர் டாப்ளர் அதன் வாரிசு.

ஸ்கேன் அறைக்குள்

‘வெறும் வயிற்றோட காலையில வாங்க’ என்று ஸ்கேன் சென்டரில் சொல்வதை அலட்சியமாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. வயிற்றுச் சிரைகளைப் பார்க்க 6 முதல் 8 மணி நேரம் சாப்பிடாமல் இருப்பது அவசியம். சாப்பிட்டால் குடலில் காற்று சேரும். மீயொலி காற்றைக் கடக்காது. போர்ட்டல் சிரை தொடங்கும் இடமோ குடலுக்கும் இரைப்பைக்கும் பின்னால் ஒளிந்திருக்கிறது. தவிர, சாப்பிட்டவுடன் அந்தச் சிரையில் ஓட்டம் கூடிவிடும். அளவும் வேகமும் மாறித் தெரியும்.

படுக்கவைத்து, குளிர்ந்த ஜெல்லைத் தடவி, முதலில் கறுப்பு வெள்ளைப் படம். சிரை எவ்வளவு அகலம், உள்ளே ஏதாவது அடைத்திருக்கிறதா, மண்ணீரல் எவ்வளவு பெரிது என்று பார்ப்பார்கள். சாதாரணமாக மூச்சுவிடும்போது போர்ட்டல் சிரையின் விட்டம் 13 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அடுத்து வண்ணம். திரையில் சிவப்பு தெரிந்தால் தமனி, நீலம் தெரிந்தால் சிரை என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. வழக்கமான அமைப்பில், புரோபை (வயிற்றின் மேல் வைக்கும் ஸ்கேன் முனையை) நோக்கி வரும் ரத்தம் சிவப்பு, விலகிப் போகும் ரத்தம் நீலம். வண்ணம் சொல்வது திசையை. போர்ட்டல் சிரையில் ரத்தம் கல்லீரலை நோக்கி ஓட வேண்டும். கல்லீரலில் அழுத்தம் மிக முற்றிய நிலையில் ஓட்டம் திரும்பி, கல்லீரலைவிட்டு விலகி ஓடத் தொடங்கும். அந்தத் திசைமாற்றம் ஒன்றே போதும், நிலைமையின் தீவிரத்தைச் சொல்ல.

கடைசியாக அலைவடிவம். போர்ட்டல் சிரையில் ஓட்டம் மெல்ல ஏறி இறங்கும், வினாடிக்குச் சுமார் 16 முதல் 40 சென்டிமீட்டர் வேகத்தில். கல்லீரல் சிரைகளோ இதயத்துக்குப் பக்கத்தில் இருப்பவை. இதயத்தின் ஒவ்வொரு அசைவும் அவற்றில் மேலும் கீழுமாகப் பதியும். அந்த ஏற்ற இறக்கம் மழுங்கித் தட்டையாகிவிட்டால், கல்லீரல் விறைத்திருக்கிறது அல்லது வெளியேறும் வழியில் எங்கோ நெருக்கடி என்று பொருள். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வதும், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்வதும் இந்தக் கோடுகளைச் சரியாகப் பிடிக்கத்தான்.

இங்கேதான் மிக முக்கியமான விஷயம் இருக்கிறது. புதிதாக உண்டான ரத்தக்கட்டி கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பாகவே தெரியலாம். ஓடும் ரத்தமும் கறுப்பாகத்தான் தெரியும். வண்ணம் போட்டுப் பார்க்காத ஒருவர், முற்றிலும் அடைபட்ட சிரையைப் பார்த்துவிட்டு ‘நார்மல்’ என்று எழுத இடமிருக்கிறது. இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது. ரத்தம் மிக மெதுவாக ஓடும்போது, கருவியை வேகமான ஓட்டத்துக்கு ஏற்ற அமைப்பில் வைத்திருந்தாலோ, புரோபை ஓட்டத்துக்குக் குறுக்காகச் செங்குத்தாக வைத்தாலோ வண்ணமே தெரியாது. ஓடிக்கொண்டிருக்கும் சிரை அடைபட்டதாக எழுதப்படும். கோணம் 60 டிகிரிக்குள் இருக்க வேண்டும், கருவியை மெது ஓட்டத்துக்கு இறக்கி வைக்க வேண்டும், ஒரே இடத்தை இரண்டு மூன்று கோணங்களில் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் பழகிய கையும் பொறுமையும் வேண்டும். வரிசையில் ஐம்பது பேர் காத்திருக்கும் ஒரு காலை வேளையில் அந்தப் பொறுமைக்கு நேரம் எங்கே கிடைக்கும்?

அதனால்தான் சீட்டு எழுதும் மருத்துவர் ‘வயிறு ஸ்கேன்’ என்று மட்டும் எழுதினால் போதாது. ‘மண்ணீரல் வீக்கம், போர்ட்டல் சிரை, கல்லீரல் சிரைகள், கீழ்ப்பெருஞ்சிரை ஆகியவற்றுக்கு டாப்ளர்’ என்று எழுதினால் ரேடியாலஜிஸ்ட்டின் கண் அங்கே நிற்கும். ஒரு வரிதான்.

பிள்ளைகளின் சிரை

முதலில் சொன்ன பிள்ளையின் கதைக்கு வருவோம். கல்லீரலுக்கு வெளியிலேயே போர்ட்டல் சிரை அடைபடும் இந்த நோய், இந்தியாவில் குழந்தைகளுக்கு வரும் பெரும் ரத்த வாந்திக்கு முதன்மையான காரணங்களில் ஒன்று. ஸ்கேனில் போர்ட்டல் சிரை இருக்க வேண்டிய இடத்தில் அது இருக்காது. சுருண்டு நெளியும் சிறு சிறு குழாய்களின் கொத்து தெரியும். அடைபட்ட சிரையைச் சுற்றி உடல் தானே போட்டுக்கொண்ட மாற்றுப்பாதைகள் அவை. ஒருமுறை பார்த்தவர் மறக்க முடியாத படம்.

ஏன் அடைபட்டது என்பதற்குப் பலரிடம் காரணம் எதுவும் கிடைப்பதில்லை. சிலருக்குப் பச்சிளம் பருவத்தில் தொப்புளில் சீழ்பிடித்த வரலாறு இருக்கிறது. சிலருக்குப் பிறந்தவுடன் தொப்புள் சிரையில் குழாய் போட்டுச் சிகிச்சை தரப்பட்டிருக்கிறது. தொப்புள் சிரை நேராகப் போர்ட்டல் சிரையின் இடக்கிளையில் போய்ச் சேர்வதால் அங்கே பிடித்த கிருமிக்கு வழி திறந்தே இருக்கிறது. தொப்புள்கொடியில் சாம்பல், சாணம், எண்ணெய் என்று எதையும் பூசாமல் சுத்தமாக, உலர்ந்தபடி விடுங்கள் என்று கிராம சுகாதாரச் செவிலியர்கள் சொல்வதற்குப் பின்னால் இதுவும் ஒரு நியாயம்.

இந்தப் பிள்ளைகளுக்கு ஈரல் வேலை செய்கிறது என்பதால் நிலைமை நம்பிக்கை தருவது. எண்டோஸ்கோப்பி வழியாகப் புடைத்த சிரைகளை ரப்பர் வளையத்தால் கட்டிவிடலாம். மண்ணீரல் சிரையைச் சிறுநீரகச் சிரையோடு இணைத்து அழுத்தத்தை இறக்கும் அறுவையில் நம் நாட்டு மருத்துவர்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு. 1990-களில் ஐரோப்பாவில் வளர்ந்த இன்னொரு அறுவை இன்னும் நுட்பமானது: குடலிலிருந்து வரும் சிரையை ஓர் ஒட்டுக்குழாயால் கல்லீரலுக்குள் இருக்கும் போர்ட்டல் இடக்கிளையோடு சேர்த்து, ரத்தத்தை அதன் இயல்பான பாதைக்கே திருப்பிவிடுகிறார்கள். அதைச் செய்ய முடியுமா என்பது அந்த இடக்கிளை திறந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது. அதைச் சொல்வது டாப்ளரும், சிடி அல்லது எம்ஆர் படமும்தான். கத்தி எடுக்கும் முன் வரைபடம் தேவை.

பெற்றோர் கவனிக்க வேண்டியது ரத்த வாந்தியை மட்டுமல்ல. சில பிள்ளைகள் வயதுக்கேற்ற உயரம் வராமல் நின்றுவிடுகிறார்கள். சிலருக்கு, பின்னாளில், அந்த மாற்றுப்பாதைக் குழாய்களே பித்தநாளத்தை நெருக்கி மஞ்சள் காமாலையை வரவழைக்கும். அப்போது பித்தநாளத்துக்கான எம்ஆர்ஐ எடுக்க வேண்டிவரும். ரத்த வாந்தி நின்றுவிட்டது என்று பின்தொடர்தலை விட்டுவிடுவது பெரிய தவறு.

வெளியேறும் வாசல் அடைபட்டால்

இரண்டாவதாகச் சொன்ன இளம்பெண்ணின் நோய்க்குப் பெயர் பட்-கியாரி. 1845-இல் லண்டனில் ஜார்ஜ் பட் இதைப் பற்றி எழுதினார்; 1899-இல் ஹான்ஸ் கியாரி இறந்தவர்களின் கல்லீரல்களை ஆராய்ந்து விளக்கினார். டாப்ளர் தன் கட்டுரையை வெளியிட்ட அதே பிராக் நகரில்தான் கியாரியும் அப்போது பேராசிரியராக இருந்தார். ஒருவர் வர்ணித்த நோயை இன்னொருவர் பெயரிலுள்ள கருவி உயிரோடு இருப்பவர்களிடம் கண்டுபிடித்துக் கொடுக்கிறது.

கல்லீரல் சிரைகளிலோ, அவை சேரும் கீழ்ப்பெருஞ்சிரையிலோ ரத்தம் உறைந்து அடைப்பதே இந்த நோய். மேற்கு நாடுகளில் கல்லீரல் சிரை அடைப்பே அதிகம். இந்தியா, நேபாளம், சீனா போன்ற நாடுகளில் கீழ்ப்பெருஞ்சிரையில் மெல்லிய சவ்வுபோன்ற தடுப்பும் அடைப்பும் நெடுங்காலமாகப் பார்க்கப்பட்டு வந்திருக்கின்றன. ஸ்கேனில் இதற்கு ஓர் அழகான தடயம் உண்டு. கல்லீரலின் பின்பக்கத்தில் காடேட் என்ற சிறு மடல் இருக்கிறது. அது பெரிய சிரைகளை நம்பியிராமல் தனக்கென்று சிறு சிரைகள் வழியே கீழ்ப்பெருஞ்சிரையில் ரத்தத்தை விடுகிறது. மற்ற மடல்கள் வழியில்லாமல் திணறும்போது இது மட்டும் கொழுத்து வளர்கிறது. வயிற்றில் நீர், பெருத்த காடேட் மடல், தட்டையான அலைவடிவம் அல்லது ஓட்டமே இல்லாத கல்லீரல் சிரைகள் என்று மூன்றும் சேர்ந்தால் தேர்ந்த ரேடியாலஜிஸ்ட்டுக்குச் சந்தேகம் மிஞ்சாது.

ஏன் உறைந்தது என்ற கேள்வி அடுத்து வரும். கர்ப்பமும் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களும் ரத்தம் எளிதில் உறையும் காலம். கருத்தடை மாத்திரைகளும் ஒரு காரணம். புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ் குறைபாடு, ஆன்ட்டிபாஸ்போலிப்பிட் நோய் போன்றவை பின்னணியில் இருக்கலாம். 2005-இல் கண்டறியப்பட்ட ஜேஏகே2 மரபணு மாற்றம், எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் கட்டுமீறிப் பெருகும் நோய்களுக்கு அடையாளம். இந்த நோயாளிகளில் கணிசமானவர்களிடம் அது காணப்படுகிறது. ஒரு வயிற்று ஸ்கேன் இப்படி ஒரு ரத்த நோயை முதன்முதலாகக் காட்டிக்கொடுப்பதும் உண்டு.

சிகிச்சை படிப்படியாகப் போகிறது. முதலில் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து. குறுகலான இடம் சிறிதாக இருந்தால் கழுத்து அல்லது தொடைச் சிரை வழியே பலூன் நுழைத்து விரித்து, தேவைப்பட்டால் ஸ்டென்ட் வைக்கிறார்கள். அது போதாதபோது, கல்லீரலுக்குள்ளேயே போர்ட்டல் சிரையிலிருந்து வெளியேறும் பக்கத்துக்கு ஸ்டென்ட் போட்டுச் சுரங்கப்பாதை அமைக்கிறார்கள். 1988-இல் ஜெர்மனியில் உலோக ஸ்டென்ட்டால் முதலில் செய்யப்பட்ட முறை இது. கடைசிப் படிதான் கல்லீரல் மாற்று. சரியான நேரத்தில் ஒரு பலூனோடு முடிந்திருக்க வேண்டியது, ‘ஈரல் கெட்டுவிட்டது’ என்ற முத்திரையோடு சில ஆண்டுகள் நீர் எடுத்து எடுத்து அனுப்பப்பட்டால் கடைசியில் மாற்று அறுவையில் வந்து நிற்கும். நிபுணர்களை மிகவும் வேதனைப்படுத்தும் நிலைமை அதுதான். அந்த வேதனையில் நியாயம் இருக்கிறது.

வேலூர் சொன்ன பாடம்

சிரைகள் திறந்திருந்தும், கல்லீரல் சுருங்காமலேயே, போர்ட்டல் அழுத்தம் ஏறும் நோயும் ஒன்று உண்டு. கல்லீரலுக்குள் இருக்கும் நுண்ணிய போர்ட்டல் கிளைகள் மறைந்துபோவது இதன் அடிப்படை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 1969-இலேயே இதற்கென்று நிபுணர்களைக் கூட்டி விவாதித்தது. குடிநீரில் நீண்டகாலம் கலந்துவரும் ஆர்செனிக் ஒரு காரணம் என்பது வட இந்தியாவிலும் வங்காளத்திலும் கவனிக்கப்பட்டது.

2009-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காரணம் தெரியாத போர்ட்டல் அழுத்தம் என்று வகைப்படுத்தப்பட்டவர்களின் கல்லீரல் திசுவை எடுத்துப் பார்த்தபோது, அவர்களில் பலருக்கு இருந்தது சிரோசிஸ் அல்ல, இந்த நோய்தான். ஸ்கேனில் கல்லீரல் சொரசொரப்பாகத் தெரிந்தது என்பதை மட்டும் வைத்து சிரோசிஸ் என்று முடிவுகட்டக் கூடாது என்பதற்கு நம் ஊரிலேயே கிடைத்த சான்று இது. கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் இங்கே உதவுகிறது: அழுத்தம் மிக ஏறிய நிலையிலும் விறைப்பு அதற்கேற்ற அளவு இல்லையென்றால், கோளாறு கல்லீரல் செல்களில் அல்ல, குழாய்களில்.

எழுபது வினாடிக் கணக்கு

டாப்ளருக்கு எல்லைகள் உண்டு. பருமனான உடல், குடல் காற்று, கணையத்துக்குப் பின்னால் ஒளிந்த பகுதி ஆகியவற்றை அது தாண்ட முடியாது. அங்கே சிடி வருகிறது. கைச் சிரையில் அயோடின் மருந்தை ஏற்றி, ஏறத்தாழ 70 வினாடி கழித்துப் படமெடுத்தால் போர்ட்டல் அமைப்பு முழுவதும் வெளிச்சமாகத் தெரியும். சற்று முன்னால் எடுத்தால் தமனி மட்டும் தெரியும். இன்னும் நிரம்பாத சிரை அடைபட்டதுபோல ஏமாற்றும்.

குடலின் சிரை திடீரென அடைபடும்போது இந்தப் படம் உயிர் காக்கும். தாங்க முடியாத வயிற்றுவலி, ஆனால் தொட்டுப் பார்த்தால் வயிறு மென்மையாக இருக்கிறது என்றால் அனுபவமுள்ள மருத்துவர் உடனே சிடி கேட்பார். சில மணி நேரத் தாமதம் குடலை அழுகவைத்துவிடும்.

சிடியில் கதிர்வீச்சு உண்டு. ஒரு வயிற்று சிடி, இயற்கையாக நாம் சில ஆண்டுகளில் பெறும் அளவைத் தந்துவிடும். குழந்தைகளுக்கும், திரும்பத் திரும்பப் படம் தேவைப்படுபவர்களுக்கும் எம்ஆர்ஐ நல்லது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அயோடின் மருந்து கொடுப்பதைப் பற்றி முன்கூட்டியே பேசிவிட வேண்டும். சிறுநீரகக் கொடையாளிகளுக்கும் சிடி தவறாமல் எடுக்கிறார்கள். இடச் சிறுநீரகச் சிரை பெருந்தமனிக்கு முன்னால் போகாமல் பின்னால் போவது போன்ற பிறவி வேறுபாடுகளை அறுவை மேசையில் முதன்முதலாகப் பார்ப்பது நல்லதல்லவே.

நின்றே வேலை செய்யும் பெண்களின் வலி

இடுப்புக்குள்ளும் சிரைகள் இருக்கின்றன. அவற்றின் நோய் பெரும்பாலும் பெண்களுடையது. அதனாலேயே அதிகம் கண்டுகொள்ளப்படாதது. பிள்ளை பெற்ற பெண்களில் சிலருக்குச் சினைப்பைச் சிரைகள் விரிந்து, வால்வுகள் தளர்ந்து, ரத்தம் கீழே தேங்குகிறது. அடிவயிற்றில் கனம், மந்தமான வலி. நிற்க நிற்கக் கூடும், படுத்தால் குறையும். தாம்பத்தியத்துக்குப் பிறகு நீடிக்கும். ‘கர்ப்பப்பை நல்லா இருக்கு, எல்லாம் மனசுதான்’ என்று சொல்லி அனுப்பப்பட்ட பெண்கள் எத்தனை பேர்!

படுக்கவைத்து எடுக்கும் வழக்கமான ஸ்கேனில் இந்தச் சிரைகள் சுருங்கித் தெரியாமல் போகலாம். முக்கச் சொல்லியும், நிற்கவைத்தும் டாப்ளரில் பார்த்தால்தான் ரத்தம் பின்னோக்கிப் பாய்வது தெரியும். இடச் சினைப்பைச் சிரை இடச் சிறுநீரகச் சிரையில் சேர்வதால், மேலே அந்தச் சிறுநீரகச் சிரை இரு தமனிகளுக்கு நடுவில் நசுங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சிறுநீரில் ரத்தம், இடப்பக்க விலா வலி அதன் அடையாளங்கள். ஆண்களுக்கு இடப்பக்க விதைப்பையில் சிரை புடைப்பதும் அதனால் வரலாம். இன்னும் கீழே, இடக்காலின் ரத்தத்தைக் கொண்டுவரும் சிரையை வலப்பக்கத் தமனி முதுகெலும்போடு சேர்த்து அழுத்துவதும் உண்டு. 1957-இல் மே, தர்னர் என்ற இருவர் 430 சடலங்களை ஆராய்ந்து, 22 சதவீதத்தில் அந்தச் சிரைக்குள் தழும்புபோன்ற தடிப்பைக் கண்டார்கள். இடக்கால் மட்டும் வீங்குகிறது, அங்கேயே ரத்தக்கட்டி வருகிறது என்றால் காலோடு ஸ்கேனை நிறுத்திவிடாமல் வயிற்றுக்குள்ளும் தேட வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. சிரை விரிந்து தெரிகிறது என்பதே நோய் ஆகாது. எந்தத் தொந்தரவும் இல்லாத பல தாய்மார்களுக்கும் அது இருக்கிறது. படத்துக்கு அல்ல, வலிக்குத்தான் சிகிச்சை. ஜவுளிக்கடைகளில் பகல் முழுவதும் நின்றே வேலை பார்த்த பெண்களுக்கு உட்காரும் உரிமையை 2021-இல் சட்டத் திருத்தத்தின் மூலம் தமிழ்நாடு அளித்தது. அந்த நாற்காலி உண்மையிலேயே போடப்பட்டிருக்கிறதா என்று கண்காணிப்பதும் சிரை நோயைப் பற்றிய அக்கறையில் சேரும்.

கருவி இருக்கிறது, கை வேண்டும்

எந்த ஸ்கேன் சென்டருக்குள் நுழைந்தாலும் கருவின் பாலினம் தெரிவிக்கப்படமாட்டாது என்ற பலகை நம்மை வரவேற்கும். 1994-இல் வந்த சட்டத்தின் விளைவு. பெண் சிசுவைக் காக்க அது அவசியம். அதைத் தளர்த்தச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இங்கிலாந்தில், பயிற்சி பெற்ற சோனோகிராபர்கள் செய்யும் வேலையை அந்தச் சட்டத்தின் விதிகளால் இங்கே மருத்துவரே செய்ய வேண்டியிருக்கிறது என்பதும் உண்மை. அப்படியானால் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் டாப்ளர் தெரிந்த ரேடியாலஜிஸ்ட்டுகளை வேண்டிய எண்ணிக்கையில் நியமிப்பது அரசின் கடமையாகிறது. கருவி வாங்கித் திறப்புவிழா நடத்துவதோடு அது தீராது. பட்ட மேற்படிப்பு மாணவர்களுக்கு வயிற்று டாப்ளரில் தனிப்பயிற்சி கட்டாயமாக வேண்டும். பிரசவத்துக்குப் பின் வயிற்றில் நீர் கோத்து வரும் பெண்ணுக்கும், ரத்த வாந்தியோடு வரும் பிள்ளைக்கும் ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்திய கையோடு, மருத்துவமனையிலிருந்து அனுப்பும் முன்பே டாப்ளர் எடுப்பது எழுதப்பட்ட விதியாக வேண்டும்.

வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியவை சில. வீட்டில் யாருக்காவது ‘மண்ணீரல் வீக்கம்’ என்று ஸ்கேன் அறிக்கையில் எழுதியிருந்தால், அதே தாளில் போர்ட்டல் சிரையைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், ‘டாக்டர், சிரைகளுக்கு டாப்ளர் எடுக்கணுமா?’ என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை. குடிப்பழக்கமோ, பி, சி வகை மஞ்சள் காமாலையோ, சர்க்கரையோடு சேர்ந்த கொழுப்பு ஈரலோ இல்லாத ஒருவருக்கு சிரோசிஸ் என்று சொன்னால், கல்லீரல் நிபுணர் ஒருவரிடம் இன்னொரு கருத்துக் கேளுங்கள். ஃபிலிம்களையும் ஸ்கேன் குறுந்தகடுகளையும் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். ஐந்து ஆண்டுக்கு முந்தைய படத்தில் சிரை எப்படி இருந்தது என்பது இன்றைய சிகிச்சையைத் தீர்மானிக்கலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது. மண்ணீரல் வீங்கிய பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கிக் கொடுக்காமல் மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள். ரத்த வாந்தியோ, தார் நிறத்தில் மலமோ கண்டால் 108-ஐ அழைத்து, எண்டோஸ்கோப்பி வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்லுங்கள்.